ரோஜாத் தொட்டியில் முளைக்கிற புளியாரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடியில் நாலு தொட்டி வைத்திருக்கிறவர்கள் யாராவது வாரம் ஒருவர் படம் எடுத்து அனுப்பி, "ரோஜாச் செடிக்குக் கீழே மூணு மூணு இலையா படர்ந்து கிடக்கு, இது என்ன களை, பிடுங்கிடலாமா?" என்று கேட்கிறார்கள். பத்தில் எட்டுப் படம் புளியாரைதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியதை எல்லாம் சேர்த்து இங்கே போட்டிருக்கிறேன். நான் வளர்ந்தது தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில், முல்லைப் பெரியாறு தண்ணீர் பாய்கிற வயல் பக்கம். இந்தக் கீரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அம்மாச்சி வாய்க்கால் கரையில் குனிந்து பறிக்கும்போது பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டது, மீதி பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

புளியாரை என்பது எது? எப்படிக் கண்டுபிடிப்பது?

தரையோடு படரும் சின்னச் செடி. நூல் மாதிரி தண்டு, கணுவுக்குக் கணு வேர் விட்டுக்கொண்டே போகும். ஒரு காம்பின் நுனியில் மூன்று இலை, ஒவ்வொன்றும் இதய வடிவம், நடுவில் காகிதத்தை மடித்துப் பிரித்தது மாதிரி ஒரு கோடு. சில செடியில் இலை பச்சையாக இருக்கும், நல்ல வெயில் படுகிற இடத்தில் செம்பழுப்பாகவும் இருக்கும், இரண்டும் ஒன்றுதான். பூ மஞ்சள், ஐந்து இதழ், சட்டைப் பித்தானைவிடச் சின்னது. காய்தான் சந்தேகமில்லாத அடையாளம்: ஒரு விரற்கணு நீளத்துக்கு, வெண்டைக்காயைக் குட்டியாக்கி நிமிர்த்தி வைத்த மாதிரி, ஐந்து பட்டையோடு வானத்தைப் பார்த்து நிற்கும்.

முற்றிய காயை விரலால் தொட்டுப் பாருங்கள், பட்டென்று வெடித்து விதை கையில் தெறிக்கும். ஒட்டிக்கொள்ளவும் செய்யும். ஒரு தொட்டியில் இருந்தது மாடி முழுக்கப் பரவுவது இப்படித்தான்.

பூவும் காயும் பார்த்து உறுதியான பிறகு ஒரு இலையை வாயில் போடுங்கள், பல் கூசுகிற மாதிரி புளிக்கும். வாயில் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன் என்று ஆரம்பிக்காதீர்கள், எந்தச் செடிக்கும் அது நல்ல பழக்கமில்லை.

இது குளோவரா? இணையத்தில் தேடினால் குளோவர் என்று வருகிறதே?

இல்லை. மூன்று இலை இருக்கிறது என்பதைத் தவிர இரண்டுக்கும் உறவே கிடையாது. சீட்டாட்டத்தில் கிளாவர் என்கிறோமே, அந்தச் சீட்டில் இருக்கும் படம் குளோவர் இலைதான். குளோவர் பயறு, அவரை எல்லாம் இருக்கிற குடும்பம். இலை முட்டை வடிவில் இருக்கும், மேலே வெளிறிய பட்டை ஒன்று வளைந்து ஓடும், பூ உருண்டையாகக் கொத்தாக வரும், புளிப்பு துளியும் இருக்காது. ஊட்டிப் பக்கம் புல்வெளியில் வெள்ளைக் குளோவர் தாராளமாக முளைத்துக் கிடக்கிறது, பார்த்திருப்பீர்கள்; அது வெளிநாட்டிலிருந்து வந்து அங்கே ஊன்றிக்கொண்டது. வட இந்தியாவில் மாட்டுக்குப் போடுகிற பெர்சீம் தீவனமும் குளோவர் வகைதான்.

புளியாரைக்குத் தாவரவியல் பெயர் ஆக்சாலிஸ் கார்னிகுலேட்டா. 1753-ல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்தது. முதல் சொல்லுக்குப் புளிப்பு என்று பொருள் வரும், இரண்டாவதற்குச் சின்னக் கொம்பு உள்ளது என்று, நிமிர்ந்து நிற்கிற காயைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். இதன் நெருங்கிய சொந்தக்காரர்கள் நட்சத்திரப் பழமும் பிலிம்பிக் காயும். புளிப்பு அந்தக் குடும்பத்துச் சொத்து.

அப்படியானால் ஆரைக்கீரை, புளியாரை, புளிச்சகீரை? மூன்றும் ஒன்றா?

மூன்றும் வேறு வேறு. இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது, கீரைக்காரர்களிலேயே சிலருக்கு உண்டு.

புளிச்சகீரை ஆளுயரம் வளர்கிற செடி, ஆந்திராவில் கோங்குரா என்பார்கள், செம்பருத்தியின் உறவு. ஆரைக்கீரை தண்ணீர் நிற்கிற வயலில், குளத்து ஓரத்தில் வரும். ஒரு காம்பில் நான்கு இலை, பூவே பூக்காது, ஏனென்றால் அது பெரணி வகை. அதில் புளிப்பு இல்லை.

நம் ஆட்கள் பெயர் வைத்ததைக் கவனியுங்கள். வயலில் ஏற்கெனவே தெரிந்த ஆரையை அளவுகோலாக வைத்துக்கொண்டு, அதே மாதிரி இருக்கிறது ஆனால் புளிக்கிறது, அதனால் புளி ஆரை. இலையைப் பார்த்ததும் நாக்கில் பட்டதும் சேர்ந்து ஒரே சொல்லில் வந்துவிட்டது.

ஊதாப் பூ பூக்கிற பெரிய இலைச் செடி ஒன்று இருக்கிறதே, அதுவும் இதுவா?

அதே இனத்தில் வேறு வகை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, மண்ணுக்குள் சின்னச் சின்னக் கிழங்கு வைக்கும், மலைத்தோட்டங்களில் பெரிய தொல்லை. அதுவும் புளிக்கும். நம் வீட்டுச் சமையலில் புளியாரை என்று சொல்லி வந்தது மஞ்சள் பூ உள்ளதைத்தான், இந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதெல்லாம் அதைப் பற்றித்தான்.

ஏன் இப்படிப் புளிக்கிறது?

ஆக்சாலிக் அமிலம். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், இதில் இது. கூடவே வைட்டமின் சி-யும் உண்டு. இந்த அமிலத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்கு அதுதான் பதில்.

மற்ற கீரை மாதிரி பொரியல் செய்து சாப்பிடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பெயரில் கீரை என்று ஒட்டிக்கொண்டாலும், சமையலில் புளியாரை செய்கிற வேலை கீரையின் வேலை இல்லை, புளியின் வேலை. முருங்கைக்கீரையை ஒரு தட்டு ஆய்ந்து பொரியல் செய்கிறோம், அரைக்கீரையை இரண்டு கட்டு கடைகிறோம், அந்தக் கணக்கில் இதைச் செய்தால் வாயில் வைக்க முடியாது, வயிற்றுக்கும் ஆகாது. புளியை யாராவது பொரியல் செய்வார்களா? எலுமிச்சை அளவு புளி என்று நாம் எப்படி அளந்து போடுகிறோமோ அப்படி இதையும் கைப்பிடியில் அளந்து போட வேண்டும். நாலு பேருக்கு ஒரு பெரிய கைப்பிடி, அதிகம் போனால் இரண்டு. அம்மாச்சி மடியில் பறித்துக்கொண்டு வருவது எப்போதும் கொஞ்சமாகத்தான் இருக்கும். அப்போது எனக்கு இவ்வளவுதான் கிடைத்ததா என்று தோன்றும். அந்த அளவு போதும் என்பதால்தான் அதோடு நிறுத்தினார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது.

துவையல் எப்படிச் செய்வது?

இரண்டு கைப்பிடி புளியாரை, இலையும் இளம் தண்டும் சேர்த்து. வேரையும் முற்றிய நார்த் தண்டையும் கிள்ளிப் போட்டுவிடுங்கள். இலை மண்ணோடு ஒட்டிப் படர்வதால் மூன்று தண்ணீராவது அலச வேண்டும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி இலையைப் போட்டு, கையால் துழாவி, அப்படியே இலையை மட்டும் மேலே அள்ளி எடுங்கள். தண்ணீரோடு கவிழ்த்தால் அடியில் தங்கின மணல் திரும்ப இலைமேலேயே வந்து விழும்.

வாணலியில் நல்லெண்ணெய் ஊற்றி இரண்டு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பைச் சிவக்க வறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். அதே எண்ணெயில் நாலு வரமிளகாய், நாலு பல் பூண்டு, ஆறேழு சின்ன வெங்காயம். வெங்காயம் வதங்கியதும் புளியாரையைப் போடுங்கள். இங்கே ஒரு நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள்: போட்ட உடனே நல்ல பச்சையாக இருக்கிற இலை, கரண்டியால் இரண்டு புரட்டுப் புரட்டுவதற்குள் பச்சை போய், ஊறுகாய் மாங்காய் நிறத்துக்கு வந்து, ஒரு வாணலி நிறைய இருந்தது ஒரு கரண்டி அளவாகச் சுருண்டுவிடும். அந்த நிறம் வந்ததும் அடுப்பை அணைத்துவிடலாம். தீய்ந்துவிட்டதோ என்று பதற வேண்டாம், புளிப்பான இலை எல்லாமே சூட்டில் இப்படித்தான் நிறம் மாறும், புளிச்சகீரையும் அப்படியே.

ஆறியதும் மூன்று கரண்டி தேங்காய்த் துருவல், உப்பு சேர்த்து அரையுங்கள். உளுத்தம்பருப்பைக் கடைசியில் போட்டு ஒன்றிரண்டாக விடுங்கள், நைந்துவிடக் கூடாது. அம்மியில் அரைக்க முடிந்தால் நல்லது, மிக்ஸியிலும் விட்டு விட்டு ஓட்டினால் வரும். புளி சேர்க்கவே கூடாது. முதல் தடவை நான் பழக்கத்தில் கொஞ்சம் புளியும் வைத்து அரைத்துவிட்டேன், ஒருவராலும் சாப்பிட முடியவில்லை.

சூடான சோற்றில் ஒரு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுப் பிசைந்து சாப்பிடலாம், தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம். எனக்கு இது கம்பங்கூழோடுதான் பிடிக்கும்.

துவையல் தவிர வேறு என்ன செய்வார்கள்?

பருப்போடு கடைவது. துவரம்பருப்பையோ பாசிப்பருப்பையோ மஞ்சள், பூண்டு, பச்சைமிளகாய் போட்டு வேகவைத்து, கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு கைப்பிடி புளியாரை சேர்த்து, மத்தால் கடைந்து, சீரகம் தாளித்தால் தக்காளியும் புளியும் இல்லாமலே குழம்பு ஆகிவிடும்.

ரசத்துக்கும் ஆகும். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, புளிக்கரைசலுக்குப் பதில் அரைத்த புளியாரைச் சாறு. ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும்.

மோரில் போடுவது இன்னொன்று. இலையைத் தேங்காய், சீரகம், பச்சைமிளகாயோடு அரைத்துக் கொதிக்கவிட்டு, ஆறினபின் கெட்டி மோர் சேர்த்துத் தாளிப்பது. தயிர்ப் பச்சடியும் இதே வழிதான், வதக்கி ஆற வைத்துக் கலந்தால் முடிந்தது.

அப்புறம் கலவைக் கீரை. மழை விட்ட வாரத்தில் வரப்பில் என்னென்ன முளைத்திருக்கிறதோ அதெல்லாம் ஒரே மடியில் வரும். குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, பருப்புக்கீரை, மூக்கிரட்டை, கோவை இலை, கூடவே கொஞ்சம் புளியாரை. இதில் புளியாரையின் அளவு எப்போதும் மற்றதைவிடக் குறைவு. கசப்பு, வழவழப்பு, சப்பென்ற ருசி எல்லாவற்றையும் ஒன்று சேர்த்துத் தூக்கிவிடுவதுதான் அதன் வேலை. மண்சட்டியில் வேகவைத்து, சின்ன வெங்காயம் வதக்கிப் போட்டுக் கடைந்தால் அதற்கு இணையாக எனக்கு ஒன்றும் தெரியாது. கலவைக் கீரையில் புளியாரை போட்டுப் பழகுவதுதான் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நல்ல வழி என்றும் நினைக்கிறேன்.

இதில் பலவற்றில் பக்கத்தில் பருப்போ, தயிரோ, மோரோ, நெய்யோ இருப்பதைப் பாருங்கள். தயிரும் மோரும் கூட வருவதன் பயனைச் சிறுநீரகக் கல் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு வெளியே இதைச் சாப்பிடுகிறார்களா?

நிறைய இடத்தில். கேரளத்தில் புளியாறல் என்பார்கள், சம்மந்தி என்கிற துவையல் அரைப்பார்கள், மோரில் காய்ச்சிக் கொடுப்பார்கள். தெலுங்கில் புலிசிந்த, பருப்பில் போடுவார்கள். வங்காளத்தில் ஆம்ருல். சிங்களத்தில் ஹீன் எம்புல் எம்பிலிய, எம்புல் என்றால் புளிப்புத்தான். அசாமில் தெங்கேசி, அங்கே புளிப்பான மீன் குழம்புக்குத் தெங்கா என்று பெயர், அந்தப் புளிப்புக்காக இதையும் போடுவார்கள். எந்த ஊர்ப் பெயரை எடுத்தாலும் பெரும்பாலும் புளிப்பு என்ற சொல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. எல்லோருமே இதைப் புளியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஜப்பானில் இதன் இலையைச் சமையலைவிடக் குடும்பச் சின்னமாகப் பார்க்கலாம். மூன்று இதய இலையும் சேர்ந்த வடிவம் அங்கே பழைய குடும்பங்களின் சின்னங்களில் மிகப் பரவலான ஒன்று. அந்தக் காலத்தில் முகம் பார்க்கிற உலோகக் கண்ணாடியைத் துலக்கவும் இந்த இலையைப் பயன்படுத்தினார்கள். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் இதே இனத்தைச் சேர்ந்த ஓகா என்ற கிழங்கைப் பயிர் செய்கிறார்கள், தோண்டியபின் சில நாள் வெயிலில் காயப்போட்டால் புளிப்புக் குறைந்து இனிப்பு ஏறும்.

உண்மையான குளோவரை யாராவது சாப்பிடுகிறார்களா?

சாப்பிட்டிருக்கிறார்கள், அதுவும் சாதாரணமாக இல்லை. கனடாவின் மேற்குக் கடற்கரையில் வாழும் க்வாக்வக்கவாக்கு மக்கள், ஆறு கடலில் சேருகிற சேற்று நிலத்தில் வளரும் ஒரு காட்டுக் குளோவரின் வேர்களைத் தோண்டிச் சாப்பிட்டார்கள். அந்த நிலம் யார் வேண்டுமானாலும் தோண்டுகிற பொது இடம் இல்லை, இது இன்ன குடும்பத்தின் பாத்தி என்று பிரித்து, களையெடுத்து, கல்லைப் பொறுக்கிப் பராமரித்தார்கள். வெண்மையான நீள வேரை ஆவியில் வேகவைத்து ஊலிக்கன் என்ற சின்ன மீனின் நெய் தொட்டுச் சாப்பிடுவார்கள். ஜார்ஜ் ஹன்ட் என்பவர் அங்கேயே வாழ்ந்து எழுதிக் கொடுத்த குறிப்புகளை மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1921-ல் வெளியிட்டார், அதில் இதெல்லாம் விவரமாக இருக்கிறது. அங்கே குளோவர் என்றால் வேர், நம்மிடம் புளியாரை என்றால் இலை. மூன்று இலை என்பதை வைத்து இரண்டையும் ஒன்றாக எழுதுகிற பக்கங்களைப் பார்த்துச் சமைக்காதீர்கள்.

பச்சையாகச் சாப்பிடலாமா? குழந்தைகள் காயைப் பறித்துத் தின்கிறார்களே?

நாங்களும் தின்றோம். பள்ளிக்கூடத்து மைதான ஓரத்தில் காயைப் பறித்து, காகிதத்தில் மடித்து வைத்த உப்பைத் தொட்டுக் கடித்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. நாலைந்து காய், ஒரு பிடி இலை என்பதால் ஆரோக்கியமான குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. கழுவினது தானா, எங்கே பறித்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தினமும் வெறும் வயிற்றில் ஒரு கிண்ணம் சாறு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சிறுநீரகக் கல் இருப்பவர்கள் சாப்பிடலாமா?

கூடாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. சிறுநீரகக் கல்லில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கற்கள்தான், அதாவது கால்சியமும் இந்த ஆக்சாலிக் அமிலமும் சேர்ந்து உண்டானவை. ஆக்சாலிக் அமிலம் இவ்வளவு இருக்கிற இலையை, ஏற்கெனவே கல் வந்தவர்கள், சிறுநீரகம் பழுதடைந்தவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் தொடவே வேண்டாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதன் சொந்தக்காரரான நட்சத்திரப் பழமே உயிருக்கு ஆபத்தானது, அதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

மற்றவர்களுக்கு, எப்போதாவது, கைப்பிடி அளவில், பிரச்சினை இல்லை. தயிர், மோரோடு சேர்த்துச் சாப்பிடுவதன் பயன் இங்கேதான் வருகிறது. பாலில் இருக்கிற கால்சியம் குடலிலேயே இந்த அமிலத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடும், ரத்தத்துக்குள் போகாமல் மலத்தோடு வெளியேறிவிடும். இந்த வேதியியல் அம்மாச்சிக்குத் தெரியாது. ஆனால் புளியாரைத் துவையல் வைக்கிற அன்றைக்கு வீட்டில் கட்டாயம் மோர் இருக்கும்.

புளிப்பு அதிகம் என்று நினைப்பவர்கள் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டுச் சமைக்கலாம். அமிலத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும், புளிப்பும் அதற்குத் தக்கபடி குறையும்.

மூலம், வயிற்றுப்போக்கு எல்லாம் குணமாகும் என்கிறார்களே?

சித்த மருத்துவத்திலும் ஆயுர்வேதத்திலும் இதற்கு நீண்ட நாள் இடம் உண்டு. ஆயுர்வேதத்தில் சாங்கேரி என்று பெயர். புளியாரைச் சாறு, தயிர், நெய் சேர்த்துக் காய்ச்சுகிற சாங்கேரி கிருதம் குடல் தொடர்பான கோளாறுகளுக்குக் கொடுக்கிற மருந்து. மருந்திலும் தயிரும் நெய்யும் கூட வருவதைக் கவனித்தீர்களா. வீட்டில் வயிறு சரியில்லாதபோது மோரில் அரைத்துக் கலக்கிக் கொடுப்பது கேரளத்திலும் நம்மிடமும் பழைய வழக்கம்.

ஆனால் மூலத்தில் ரத்தம் போகிறது, பேதி நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். நான் எழுதுவது சாப்பாட்டைப் பற்றி. மருந்தாக எடுக்க வேண்டும் என்றால் படித்துத் தேறிய சித்த மருத்துவர் அளவு சொல்லட்டும்.

எந்தப் பாத்திரத்தில் சமைக்க வேண்டும்?

மண்சட்டி, எவர்சில்வர், கல்சட்டி. அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை, செம்பு மூன்றும் வேண்டாம். அமிலம் உலோகத்தை அரித்துக் குழம்பில் இறக்கிவிடும். ஒரு தடவை அவசரத்தில் அலுமினிய வாணலியில் வதக்கினேன், துவையலில் இரும்பை நக்கின மாதிரி ஒரு ருசி, வாணலி மட்டும் இலை பட்ட இடத்தில் புதுசு மாதிரி வெளுத்திருந்தது. அதே காரணத்தால்தான் குத்துவிளக்கையும் பித்தளைச் செம்பையும் துலக்க இந்த இலை அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. ஒரு பிடி இலையைக் கசக்கிச் சாறோடு தேய்த்துக் கழுவிப் பாருங்கள், புளியும் சாம்பலும் போட்ட மாதிரி பளிச்சென்று ஆகும். முற்றிப்போய்ச் சமையலுக்கு ஆகாத தண்டை நான் இதற்குத்தான் வைத்துக்கொள்கிறேன்.

எங்கே பறிக்கலாம், எங்கே கூடாது?

சொந்தத் தொட்டி, சொந்தத் தோட்டம், தெரிந்தவர் வயல் வரப்பு. பூங்காவிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் புல்தரையிலும் களைக்கொல்லி அடித்திருப்பார்கள், பார்த்தால் தெரியாது. சாலை ஓரம், சாக்கடை ஓரம், நாய் நடமாடுகிற இடம் வேண்டாம். நர்சரியிலிருந்து வாங்கி வந்த ரோஜாத் தொட்டியில் முளைத்ததையும் உடனே சாப்பிட வேண்டாம், பூச்செடிக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து நல்ல மண்ணில் ஊன்றி, அது புதிதாகத் தழைத்தபின் பறியுங்கள்.

பறிக்க நல்ல காலம் ஐப்பசி, கார்த்திகை. மழையில் தழைத்த இலை பெரிதாகவும் மென்மையாகவும் இருக்கும். சித்திரை வெயிலில் இலை சிறுத்து நாராகிவிடும்.

கடையில் கிடைக்குமா?

பெரிய கடைகளில் நான் பார்த்ததில்லை. உழவர் சந்தையில் காட்டுக்கீரை கொண்டு வருகிற பாட்டிகளிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் கொண்டு வருவார்கள். எப்படியும் பறித்த ஒரு மணி நேரத்தில் வாடிவிடுகிற இலை, கட்டுக் கட்டி விற்க வாகானது இல்லை.

எப்படி வளர்ப்பது?

வளர்ப்பதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். அகலமான, ஆழமில்லாத தொட்டி ஒன்று, கொஞ்சம் நிழல், தினமும் தண்ணீர். வேரோடு இருக்கிற ஒரு கணுவை மண்ணில் வைத்தால் போதும். கத்தரியால் மேலாக வெட்டி எடுங்கள், வேரோடு பிடுங்காதீர்கள், இரண்டு வாரத்தில் மறுபடி வரும். மற்ற தொட்டிகளுக்குப் பரவக் கூடாது என்றால் காய் முற்றும் முன்பே பறித்துவிட வேண்டும்.

சாயங்காலம் ஆனால் இலை வாடிப்போன மாதிரி தொங்குகிறதே?

வாடவில்லை, மடிந்திருக்கிறது. இருட்டும்போதும் உச்சி வெயிலிலும் மூன்று இலையும் நடுக்கோட்டில் மடிந்து குடை மாதிரி கீழே இறங்கும். காலையில் தானாகவே விரியும்.

நான்கு இலை இருந்தால் அதிர்ஷ்டமா?

அந்த நம்பிக்கை குளோவரைப் பற்றி ஐரோப்பாவில் உள்ளது, புளியாரையைப் பற்றி இல்லை. வயலில் நான்கு இலையோடு கிடைத்தால் அது பெரும்பாலும் ஆரைக்கீரை.

ஆடு, மாடு தின்னலாமா?

மேய்ச்சலில் நாலு வாய் சேர்ந்து போனால் ஒன்றும் இல்லை. அறுத்துக் கட்டாகப் போடக் கூடாது. ஆக்சலேட் அதிகமானால் ரத்தத்தில் கால்சியம் இறங்கிக் கால்நடை நடுங்கி விழுந்துவிடும்.

சரி, கடைசியில் பிடுங்கலாமா வேண்டாமா?

ரோஜாவோடு சத்துக்குப் போட்டி போடுகிறது என்பது உண்மை, அந்தத் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆனால் மாடி மூலையில் ஒரு தொட்டியை இதற்கென்று விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சமையலுக்கு மட்டும் இல்லை. தரையோடு தாழப் பறக்கிற, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய, வெளிர் நீலப் பட்டாம்பூச்சி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அது முட்டை வைப்பது புளியாரை இலையில்தான், அதன் புழு வளர்வதும் அதைத் தின்றுதான். புழு இலை நிறத்திலேயே தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும், அவசரமாகப் பறித்தால் கண்ணில் படாது. நான் வெட்டும் முன் இலையின் அடிப்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுவேன். புழு இருக்கிற கொத்தை விட்டுவிட்டு அடுத்ததை வெட்டுவேன், ஒரு கைப்பிடிதானே வேண்டும்.